சொல்லிக்காம போ

இது கட்டிய கதையில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, பங்குனி மாதம், ஸ்ரீரங்கத்தில் பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்கிறவர்கள் பவுனம்மாளைக் கேட்டுப் பார்க்கட்டும்.

பவுனம்மாள், வள்ளிக்கண்ணு, இருசம்மாள் மூவரும் மேலூர்த் தோப்பில் வாழையிலைக்கட்டு சுமப்பவர்கள். ஒரே தூக்குச்சட்டியில் பழையசோறு தின்றவர்கள். அந்த வருஷம் ஊருக்குள் அம்மை வந்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பயம் வந்தால் சிநேகமும் சேர்ந்து பறக்கும். வள்ளிக்கண்ணு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியதுமே இருசம்மாள் தெருவை மாற்றிக்கொண்டாள். பவுனம்மாளையும் புருஷன் போகவிடவில்லை. கொஞ்ச நாள் பொறுத்தாள்.

"அம்மை வந்தா வரட்டும். அவ மூஞ்சியைப் பாக்காம எனக்குச் சோறு இறங்கல" என்று ஒருநாள் அவனிடம் சொல்லிவிட்டு, இளநீரோடு கிளம்பினாள்.

உச்சிவேளை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

வாசலில் வேப்பிலையைக் காணோம். கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரைப் பார்த்தபடி வள்ளிக்கண்ணு உட்கார்ந்திருந்தாள். தலை ஈரம். கழுத்தில் மஞ்சள். புதுப் புடவை.

பவுனம்மாளுக்கு உயிர் வந்தது. அம்மை இறங்கினால்தானே தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பிழைத்துவிட்டாள்.

"தண்ணி ஊத்திட்டாங்களாடி?"

"ஊத்திட்டாங்க."

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கூந்தலிலிருந்து நீர் சொட்டியது. சொட்... சொட்... தரை மட்டும் நனையவில்லை.

"இருசி வந்தாளா?"

"யாரும் வரல."

முகம் திரும்பவே இல்லை.

பவுனம்மாள் எழுந்தாள்.

"போயிட்டு வரேன்."

"சொல்லிக்காம போ."

சாவு வீட்டிலிருந்துதான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள்...

ஆனாலும் பவுனம்மாள் படியிறங்கித் திரும்பி நின்றாள்.

"சொல்லுவேன். போயிட்டு வரேன். நாளைக்கும் வரேன்."

தெருவில் இறங்கி நடந்தாள்.

தெருமுனையில் இருசம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "பூட்டுன வீட்டு முன்னால நின்னு யார்கிட்டடி பேசுற? நேத்துச் சாயங்காலமே அவளைக் குளிப்பாட்டித் தூக்கியாச்சு. புருஷன் வீட்டைப் பூட்டிக்கிட்டு முசிறிக்குப் போயிட்டான்."

பவுனம்மாள் திரும்பிப் பார்த்தாள். கதவில் பூட்டு தொங்கியது.

"வரேன்னு சொல்லிட்டேன். நாளைக்கு நீயும் வா" என்றாள்.

இருசம்மாள் வரவில்லை. மறுநாள் உச்சியில் பவுனம்மாள் தனியாகத்தான் போனாள். பூட்டு அப்படியே இருந்தது. படியில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன்டி."

கதவுக்கு அந்தப் பக்கம், ஈரப் புடவையோடு யாரோ வந்து உட்காரும் சத்தம் கேட்டது...