அப்பா ரேடியோவில் வந்த ஞாயிறு

அப்பா ரேடியோவில் பேசப்போகிறார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். எந்த நிகழ்ச்சி, எத்தனை மணிக்கு என்று அம்மா கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை வருது" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. வீட்டில் அவர் வாயைத் திறப்பதே சோறு கேட்கத்தான். இந்த மனிதரைப் பேசச் சொல்லி யார் கூப்பிட்டார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அன்று காலையில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பிப் போய்விட்டார். பேசத்தான் போகிறார் என்று நினைத்தோம். புத்தூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் வீட்டுக்காரம்மாவிடம்தான் ரேடியோ இருந்தது. தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில், மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் அம்மா முக்காட்டைக்கூட எடுக்காமல் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தைகள் நிகழ்ச்சியில் ஒருவர் நரிக்கதை சொன்னார். "உங்கப்பாவா பாரு" என்று அம்மா காதைக் கடித்தாள். இல்லை என்றேன். ஆனால் நரிக்காக அவர் குரலை மாற்றியபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்து மாதர் நிகழ்ச்சி. எலுமிச்சங்காய் ஊறுகாய் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். இதிலுமா அவர் வருவார் என்று வீட்டுக்காரம்மா சிரித்தாள். அம்மா அசையவில்லை. நடுவில் ரேடியோ ஓய்ந்த நேரத்தில் ஓடிப்போய் ஒரு ரசம் வைத்து இறக்கிவிட்டு வந்தாள். எனக்குப் போட்டாளே தவிர, அவள் சாப்பிடவில்லை.

பிற்பகலில் கச்சேரி, பிறகு சினிமாப் பாட்டு. சாயந்திரம் விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில் ஒருவர் இருமிக்கொண்டே வாழைக்கு உரம் வைப்பதைப் பற்றிப் பேசினார். அந்த இருமல் அப்பாவுடையதுதான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். பட்டறைக்காரருக்கு வாழையைப் பற்றி என்ன தெரியும் என்று நான் குழம்பினேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு உர விஷயத்தை எல்லாம் பக்தியோடு கேட்டாள். கடைசியில் அவர் முசிறிக்காரர் என்று அறிவித்தார்கள். எனக்கு எரிச்சலில் அழுகை வந்தது.

செய்திகளுக்குப் பிறகு நாடகம். அதில்தான் அப்பா வந்தார். அவரேதான். ஆனால் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. நாடகத்தில் அவருக்கு ஒரு மனைவி. வேலையிலிருந்து வந்ததும் அவளிடம், "ஏன் முகம் வாடியிருக்கு? நீ சாப்பிட்டியா?" என்று அவ்வளவு கனிவாகக் கேட்டார். அந்தப் பெண் சிணுங்கினாள். அப்பா அவளைச் சமாதானம் செய்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ரேடியோவின் துணி உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் இவ்வளவு பேசுவாரா?" என்றாள் வீட்டுக்காரம்மா.

அம்மா சிரித்து வைத்தாள். இந்த நேரத்தில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருக்கிறார் என்றே நான் நினைத்தேன். அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

நாடகம் முடிவதற்குள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. உள்ளே அப்பாவின் குரல் பேசிக்கொண்டிருக்க, வெளியே அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். நான் ரேடியோவையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தேன். நாடகத்தைப் போன வாரமே டேப்பில் பிடித்துவிட்டார்களாம். நாங்கள் கேட்கும்போது கூட இருக்க வெட்கப்பட்டுக்கொண்டு, பகலெல்லாம் காவிரிக் கரையில் போய் உட்கார்ந்திருந்தாராம்.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மா தட்டு வைத்தாள். குரல் உயராமல் கேட்டாள்: "அந்தம்மாகிட்ட சாப்பிட்டியான்னு கேட்டீங்களே."

"அது எழுதிக் குடுத்தது" என்றார் அப்பா.

"என்கிட்ட கேக்கவும் யாராச்சும் எழுதிக் குடுத்தா தேவலை."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. மறுநாள் விடிந்ததும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'நீ சாப்பிட்டியா?' என்று கொட்டை எழுத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

அன்று சாயந்திரம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி நிலையருகே நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நீ சாப்பிட்டியா?"

ரேடியோவில் வந்த குரல் இல்லை. கரகரவென்று, பாதியில் உடைந்த குரல்.

"மணி அஞ்சுதாங்க ஆகுது" என்றாள் அம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இன்னும் இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் தினமும் கேட்டார். மனதாரக் கேட்டாரா, நான் எழுதிக் கொடுத்ததால் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தச் சீட்டைப் பற்றி நான் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.