வெள்ளகோவில் வரை வெறும் வண்டி

வீரபாண்டியில் சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறோம். மைலேஜ் கிடைக்கும் என்று நம்பி, கூடுதல் விலை கொடுத்து டீசல் பிக்கப் வாங்கினோம். சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்குமாகப் பக்கத்திலேயேதான் ஓடியது. டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்ததை நாங்கள் பொருட்படுத்தவில்லை. ஷிப்மெண்ட் அன்று பெட்டிகளோடு நடுரோட்டில் நின்றுவிட்டது. சரக்கு கப்பலைத் தவறவிட்டது. ஆர்டர் கொடுத்தவர் அப்புறம் எங்களைக் கூப்பிடவேயில்லை.

மெக்கானிக் பார்த்துவிட்டு, "டீசல் வண்டி தூரம் ஓடோணுங்க அக்கா. குட்டி குட்டி ட்ரிப்பா ஓட்டுனா புகை போற ஃபில்டர்ல கரி அடைச்சுக்குங்க. அது எரியற அளவுக்குச் சூடே ஆகறதில்லீங்க" என்றார்.

இப்போது கரி எரிவதற்காகவே ஞாயிறுதோறும் நானும் கணவரும் வெறும் வண்டியை நெடுஞ்சாலையில் வெள்ளகோவில் வரை ஓட்டிப்போய்த் திரும்புகிறோம். ஏற்றுவதற்குச் சரக்கு இல்லை. மிச்சம் பிடிக்க வாங்கிய வண்டிக்கு, கரி எரிக்கவே வாராவாரம் டீசல் போடுகிறோம்.