சாமியிடம் கேட்காத பாடம்

போன வாரம் நாமக்கல்லில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். ஏசி குளிரில், கண்ணாடிப் புட்டிக்குள் மிளகு. 'கொல்லிமலை மிளகு' என்று ஆங்கிலத்தில் எழுதி, கழுத்தில் சணல் நூலை வேறு கட்டிவிட்டிருந்தார்கள். மிளகுக்கு எதற்குத் தாலிக்கயிறு என்று கேட்க வாயெடுத்தேன். விலையைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. சரி, மோந்தாவது பார்ப்போம் என்று மூடியைத் திறந்தேன். கடையில் நின்ற பெண் முறைத்தாள். முறைக்கட்டும். அந்தக் காரம் மூக்கில் ஏறியதும் எனக்கு எங்கள் கல்லூரியின் பொருளியல் துறைதான் நினைவுக்கு வந்தது என்றால் சிரிப்பீர்கள். காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

கொல்லிமலையில் எங்கள் ஊர்ப்பக்கமான திருப்புலி நாட்டில், எங்கள் காட்டுச் சில்வர் ஓக் மரங்களிலெல்லாம் மிளகுக்கொடி ஏறியிருக்கும். தை பிறந்தால் வாசல் முழுக்க மிளகு காயும். ஊட்டில் இருக்கிற எல்லோரும் தும்மிக்கொண்டே பேசுவோம். காய்ந்ததும் அப்பா மூட்டையைச் சோளக்காட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவார். நானும் கூடப் போவேன். ஏவாரி மூட்டைக்குள் கையை விடுவார், அள்ளிப் பார்ப்பார், பிறகு சொந்தத்தில் யாரோ தவறிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

"என்னங்க பண்றது, வெளிநாட்டுல வெலை உளுந்துபோச்சுங்க."

வருடம் தவறாமல் இதே பேச்சு. வரும் வழியெல்லாம் அப்பா பொருமிக்கொண்டு வருவார். "நம்ம மொளகுக்கு வெளிநாட்டுக்காரன் எதுக்கு கண்ணு வெலை வெக்கிறான்? அவனை யாரு கேட்டா?" என் மனதில் அந்த ஆளுக்கு உருவமே வந்துவிட்டது. கோட்டுப் போட்டிருப்பான். காலையில் எழுந்து காப்பி குடித்துவிட்டு, 'இன்றைக்குத் திருப்புலி நாட்டுக்காரரை எப்படி அழவைக்கலாம்' என்று யோசிப்பான். அவனைக் கண்டுபிடிக்கத்தான் நான் பொருளியல் படிக்கப் போனேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், பி.காம். கிடைக்கவில்லை. பி.காம். கிடைக்காதவர்களைப் பொருளியல் துறை தாயன்போடு சேர்த்துக்கொண்ட காலம் அது.

இரண்டாம் ஆண்டு முடிகிற சமயம் விருப்பப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். வங்கியியல், வேளாண்மைப் பொருளியல், பன்னாட்டுப் பொருளியல் என்று மூன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மூன்றாவதின் பாடத்திட்டத்தைப் புரட்டினேன். உலகச் சந்தையில் விலை தீர்மானமாகும் முறை என்று ஒரு பாடம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் கோட்டுக்காரன் இதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறான்! எடுத்தால் இதைத்தான் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் முடிவு செய்தால் ஆச்சா? எங்கள் பக்கம் கல்யாணம், கிணறு, மாடு வாங்குவது எல்லாவற்றுக்கும் சாமியிடம் பூ கேட்க வேண்டும். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்து, சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அதுதான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. அப்பாவுக்கு நான் வங்கியில் ஃபேனுக்கு அடியில் உட்கார வேண்டும். அம்மாவுக்கு நான் வேளாண்மை ஆபீசரம்மாவாகி ஜீப்பில் வந்து இறங்க வேண்டும். அதனால் வெள்ளை வங்கிக்கு, சிவப்பு வேளாண்மைக்கு என்று பேசி முடித்துவிட்டார்கள்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது என்றேன். பூசாரி, "அது என்ன கண்ணு?" என்று கேட்டார். நானும் இருக்கிற மேதாவித்தனத்தையெல்லாம் திரட்டி, "நாடுகளுக்கிடையே நிகழும் பண்டப் பரிமாற்றத்தை ஆராயும் இயல்" என்று பத்து மதிப்பெண் விடையை ஒப்பித்தேன். அவர் சாமியைப் பார்த்தார். சாமி என்னைப் பார்த்தது.

"இதை நான் சாமிகிட்ட எப்படிச் சொல்லுவேன்? பூவு ரெண்டுதான் கண்ணு. மூணாவது பூ வெச்சு எந்தக் காலத்துல கேட்டிருக்கறோம்?"

மிளகு விலைக்காகத்தான் கேட்கிறேன் என்று அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். அப்பா சிரித்துவிடுவாரோ என்று வெட்கம். பக்கத்து ஊட்டுக் குட்டிப்பெண் இலையை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை.

அந்தத் தீர்ப்போடு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு, ஒரு பலாப்பழத்தையும் தோளில் சுமந்துகொண்டு, மலைப்பாதையின் அத்தனை வளைவும் இறங்கிக் கல்லூரிக்கு வந்தார். எங்கள் துறைத்தலைவர் நல்ல மனிதர். 'மனிதன் எப்போதும் பகுத்தறிவோடுதான் தேர்வு செய்கிறான்' என்று மூன்று மணி நேரம் பேசுவார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்த ஊரும்மா?"

"கொல்லிமலைங்க சார்."

"அப்ப வேளாண்மை" என்று எழுதியே விட்டார். மலைக்காரி, மண்ணைப் பற்றிப் படிப்பாள். இதில் கேட்க என்ன இருக்கிறது!

அப்பா பலாப்பழத்தை இறக்கி வைத்தார். "ஏனுங்க சார், சாமி பேங்க்குப் படிப்பைத்தானுங்களே குடுத்திருக்குது?"

"எந்த சாமி? அவரு இங்க அட்மிஷன் கமிட்டியில இருக்காரா?"

"பூ குடுத்துட்டுதுங்க. இனி மாத்துனா குத்தமாயிரும்."

துறைத்தலைவர் பேனாவை வைத்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "குத்தம்னா… யாருக்கு வரும்?"

"மாத்துறவங்களுக்குத்தானுங்க."

சடாரென்று அடித்துவிட்டு வங்கியியல் என்று எழுதினார் பாருங்கள், அந்த வேகத்தில் அவர் விடைத்தாள்கூடத் திருத்தியதில்லை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் அவ்வளவுதான். "எனக்குப் பன்னாட்டுப் பொருளியல்தான் வேணுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அதுல என்ன கண்ணு இருக்குது?"

"மொளகுக்கு யாரு வெலை வெக்கிறாங்கன்னு இருக்குதுங்கப்பா."

அப்பா பலாப்பழத்தை மேசைப் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு துறைத்தலைவரிடம் சொன்னார்: "அப்ப அதையே குடுத்துருங்க சார்."

"சாமி குத்தம்?" என்றார் அவர், நிஜமான கவலையோடு.

"இதை நாங்க சாமிகிட்ட கேக்கவே இல்லீங்களே. கேக்காதது எங்க தப்புங்க. சாமி என்ன பண்ணும் பாவம்?"

அன்றைக்கு அப்பா காலில் விழுந்திருக்க வேண்டும் நான். ஆனால் துறைத்தலைவர் கையை விரித்துவிட்டார். அந்தப் பாடத்துக்கு வாத்தியார் இல்லையாம். பிறகு எதற்குப் பலகையில் போட்டார்கள் என்று கேட்டால், பல்கலைக்கழகம் போடச் சொன்னதாம். "கடையில இல்லாத சாமானுக்கு எதுக்குங்க போர்டு?" என்றார் அப்பா. பொருளியல் துறையில் நான் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். பலாப்பழத்தின் வாசமோ, குத்தத்தின் பயமோ, பகுதிநேரமாக ஒருவரைப் பிடித்துப் போட்டார்கள்.

வந்தவர் பழுப்பேறிய குறிப்பை வைத்துச் சொல்லச் சொல்ல எழுதினோம். போர்ச்சுகல் திராட்சை மது விற்றது, இங்கிலாந்து துணி விற்றது. ஆண்டு முழுக்க இந்த இரண்டு பேரும் விற்றுக்கொண்டே இருந்தார்கள். சார், மிளகு என்றேன். "அது பரீட்சைக்கு வராது. விலையைச் சந்தை தீர்மானிக்கிறது, எழுதிக்கோ."

அந்த வாரமே ஊட்டுக்குப் போய்ச் சொன்னேன். "சந்தைதானுங்கப்பா வெலை வெக்குது."

"எந்தச் சந்தை? சோளக்காடா?"

"இல்லீங்கப்பா. பொதுவா, சந்தை."

"பொதுவான்னா? அங்க ஒரு ஆளு உக்காந்திருப்பான்ல? அவனுக்குப் பேரு இருக்கும்ல?"

நோட்டைப் புரட்டினேன், போர்ச்சுகலும் இங்கிலாந்தும்தான் இருந்தார்கள். "செரி உடு, அடுத்த வருசம் சொல்லிக் குடுப்பாங்க" என்றார் அப்பா. அடுத்த வருடம் என்று ஒன்று அந்தப் படிப்பில் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிறகு வங்கிப் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன். கொடுத்த பிரிவு வேளாண் கடன். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் சேர்ந்தே பலித்துவிட்டதாக அப்பா மலை முழுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் தை மாசி வந்தால், சந்தையில் மிளகு போட்ட அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்துவிடும். "ஆளு ஆப்புட்டானா கண்ணு?" நானும் ஒரு வருடம் வியட்நாமில் நல்ல விளைச்சல் என்பேன், ஒரு வருடம் டாலர் என்பேன். "போன வருசம் வேற ஆளைச் சொன்னியே, ஒருத்தனைப் புடிச்சுச் சொல்லு" என்று திட்டுவார்.

எங்கள் துறை இருந்த அறையில் இப்போது கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. அப்பா போன ஆடியில் தவறிவிட்டார். மிளகு விலை தினமும் காலையில், இப்போது வெள்ளாமையைப் பார்த்துக்கொள்ளும் தம்பியின் போனுக்கு வந்துவிடுகிறது. இந்த மாசியில் ஏன்டா இவ்வளவு குறைவு என்று நான்தான் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மார்க்கெட் டவுன், அக்கா" என்றான். கோபமே இல்லை அவனுக்கு. மூட்டையை ஏற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.