கண்ணையன் துண்டை எங்கே கட்டுவது?

கண்ணையன் போலீசை நோக்கித் துப்பாக்கியை உருவினான் என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் சொல்கிறார்கள். அவன் உருவவில்லை. நான் பார்த்தேன். பார்த்தவர்களில் உள்ளதைச் சொல்ல வந்தவள் நான் ஒருத்திதான். எனக்கும் வயதாகிவிட்டது. நான் போன பிறகு பொய் மட்டும் மிஞ்சக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பாகூருக்கு மேற்கே நெல்லும் கரும்பும் விளைகிற ஊர் எங்களுடையது. அங்கே சேரியில், தலைமுறையாகப் பண்ணை வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவன் கண்ணையன். மீசை அரும்பும் வயதில், அவன் மேய்த்த பண்ணை மாடு ஒன்று வயிறு ஊதிச் செத்துப்போனது. அதற்காக அவனைக் களத்துமேட்டில் கட்டிவைத்து அடித்தார்கள். கட்டு அவிழ்ந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே புதுச்சேரிக்கு நடந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தான். பெரிய சண்டையின்போது பிரான்சுக்குப் போனான், பிறகு சைகோனில் பல வருஷம் இருந்தான். அங்கிருந்து திரும்பியபோது ஒரு மெடலும் பென்ஷனும் கொண்டுவந்தான். கூடவே நிமிர்ந்த முதுகு ஒன்றும். மெடலையும் பென்ஷனையும் ஊர் பொறுத்துக்கொண்டது. முதுகைத்தான் பொறுக்கவில்லை.

எல்லோரும் அவனை ‘சொல்தா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்து ஆளைச் சொல்லும் பெயர் அது. சேரியில் பிறந்தவன் பெயரைச் சொல்லாமல் தப்பிக்க அது வசதியாக இருந்தது.

ருக்குமணியைக் கல்யாணம் செய்துகொண்டு சேரி ஓரத்தில் செங்கல் சுவர் வைத்து வீடு கட்டினான். கூரை எரிந்தது. மறுபடி வேய்ந்தான். மறுபடி எரிந்தது. இரண்டு முறையும் போலீசிடம் போனான். எங்கள் ஊர்ப் போலீசுக்குத் தலைவர் சாமிநாதன்; பிரெஞ்சில் அந்தப் பதவிக்குப் பிரிகாதியே என்று பெயர். “அடுப்ப அணைக்காம தூங்கியிருப்பா உம் பொண்டாட்டி” என்று இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் புதுச்சேரியில் துரைமார்களிடம் மனுக் கொடுத்து, பழைய சிப்பாய் என்ற தகுதியில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு வாங்கினான். சீட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. வெளியே போகும்போது துப்பாக்கி எல்லோர் கண்ணிலும் படும்படி இடுப்பில் இருக்க வேண்டும். துணியால் மறைத்தால் குற்றம்.

பண்ணைக்காரர் தணிகைவேலிடமும் அதே சீட்டு இருந்தது. அவர் துப்பாக்கியைப் பட்டு வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட்டில் செருகிக்கொண்டு தேர் பார்க்கப் போவார். சிப்பாய்கள் விறைத்து நின்று சலாம் வைப்பார்கள்.

கண்ணையன் துப்பாக்கியோடு நடக்க ஆரம்பித்த வருஷம் சேரியில் ஒரு கூரையும் எரியவில்லை. யாரையும் அவன் மிரட்டியதில்லை. அந்தத் துப்பாக்கி சுட்டு நான் கேட்டதும் இல்லை.

ஆனால் ஊரில் இன்னொரு சட்டம் இருந்தது. எந்தத் தாளிலும் இல்லாத சட்டம். சேரி ஆண்கள் பண்ணைத் தெருவில் நடந்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கண்ணையன் இடுப்பில் கட்டினால் துப்பாக்கி மறையும், சீட்டுப் பறிபோகும். கட்டாவிட்டால் திமிர். பட்டாளத்தில் இருந்தவன், யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். துண்டே இல்லாமல் போனான். வெயிலில் தோள் கறுத்ததுதான் மிச்சம்.

நான் புதுச்சேரியில் நர்ஸ் வேலை படித்துவிட்டு ஊரில் பிரசவம் பார்த்துவந்த காலம் அது. ஒரு சித்திரை மாதம், தணிகைவேலின் மருமகள் கனகாம்பாளுக்குக் காலையில் ஆண் குழந்தை பிறந்தது. வாசலில் பந்தல் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள். பிரிகாதியே சாமிநாதனும் இரண்டு சிப்பாய்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். நான் தெருப்பக்கத்து அறையில், சன்னலை ஒட்டிக் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணையன் தலையில் தவிட்டு மூட்டையோடு வந்தான். கனமான மூட்டை. அதனால் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைத்திருந்தான்.

“இன்னாடா சொல்தா, பாரவண்டி மாதிரி போய்க்கினே இருக்கிற? எறக்குடா மூட்டைய” என்றார் சாமிநாதன்.

இறக்கினான். சும்மாடு பிரிந்து துண்டு கையில் தொங்கியது.

“பெரியவரு குந்தினு இருக்காரு, கண்ணு தெர்ல? துண்ட இடுப்புல கட்டுடா.”

“கட்டுனா துப்பாக்கி மறைஞ்சிடுங்க. மறைக்கக் கூடாதுன்னு சீட்டுல போட்டுக்கீதுங்க.”

தணிகைவேல் சிரித்தார். “பாத்தியா பா சாமிநாதா, உனுக்கே சட்டம் சொல்லித் தர்றான். சைகோன்ல படிச்சினு வந்தது.”

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். சாமிநாதன் முகம் சிவந்தது.

“கட்டுடான்றேன்!”

கண்ணையன் கட்டினான். துப்பாக்கி துண்டுக்குள் போனது. இப்போது சீட்டுப்படி அவன் குற்றவாளி, பக்கத்திலேயே போலீசு. ஆகவே தோல் உறையை இரண்டு விரலால் பிடித்து, துண்டுக்கு வெளியே தெரியும்படி மேலே இழுத்துவிட்டான். இரண்டு சட்டத்துக்கும் ஒரே நேரத்தில் கீழ்ப்படியப் பார்த்தான். அவன் செய்த தப்பு அதுதான்.

“உருவுறான்டா! புடி!”

சிப்பாய்கள் பாய்ந்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எலும்பு முறிகிற சத்தம். குழந்தையை அதன் பாட்டி மடியில் போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

“அவரு உருவல. ஒறைய வெளிய எடுத்து வெச்சாரு. நான் பாத்தேன்” என்று கத்தினேன்.

“உள்ள போய் புள்ளய பாரும்மா. இது ஆம்பளைங்க சமாச்சாரம்” என்றார் தணிகைவேல்.

“கை ஒடஞ்சிருக்குது, இது என் சமாச்சாரம்” என்றேன்.

தரையில் கிடந்த மனிதனை அவர்கள் அதற்குப் பிறகும் உதைத்தார்கள். பந்தலில் இருந்தவர்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே பார்த்தார்கள். அந்த வாய்கள் எனக்கு மறக்காது.

போலீசுக் கொட்டடியில்தான் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினேன். மணிக்கட்டில் இரண்டு எலும்பும் போயிருந்தன. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “துப்பாக்கிய திருப்பிக் குடுப்பாங்களா நர்சம்மா?” கையைப் பற்றிக் கேட்கவில்லை. துப்பாக்கி போனால் வீடு எரியும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

வழக்கு புதுச்சேரியில் நடந்தது. போலீசை நோக்கி ஆயுதம் உருவினான் என்று குற்றச்சாட்டு. பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சத்தியம் செய்து அப்படியே சொன்னார்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். வெள்ளைக்கார நீதிபதி சாமிநாதனிடம், நீ பிடுங்கியபோது துப்பாக்கி உறைக்குள் இருந்ததா வெளியே இருந்ததா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். சாமிநாதன் யோசிக்காமல், உறையோடுதான் பிடுங்கினேன், பொத்தான்கூடப் போட்டிருந்தது என்றார். வீரத்தைச் சொல்ல வந்து உண்மையைச் சொல்லிவிட்டார்.

கண்ணையனை விடுதலை செய்தார்கள். ருக்குமணி என் கையைப் பிடித்து அழுதாள். அவள் அழுது முடிப்பதற்குள் நீதிபதி மிச்சத்தையும் படித்தார். ஊர் அமைதியை முன்னிட்டு அவன் சீட்டு ரத்து, துப்பாக்கி அரசாங்கத்துக்கு.

ஊர் அமைதி! கூரையை எரித்தவன் அமைதி, கையை முறித்தவன் அமைதி, சத்தியம் செய்து பொய் சொன்னவன் அமைதி. எல்லோரும் பார்க்கும்படி உறைக்குள் சும்மா கிடந்த துப்பாக்கி ஒன்றுதான் அமைதியைக் கெடுத்ததாம். தணிகைவேலின் சீட்டைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. தீர்ப்பைக் கேட்கவே அவர் அந்தப் பச்சை பெல்ட்டோடுதான் வந்திருந்தார்.

அறுவடைக்கு முன்பே வீடு எரிந்தது. பட்டப்பகலில், இருவரும் வயலில் இருந்தபோது. ருக்குமணி ஓடிவந்து உள்ளே புகுந்து, மெடலையும் இரண்டு பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் முழங்கைக்கு நான் மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது சாமிநாதன் வந்தார்.

“எப்படிம்மா புடிச்சிது?”

“அடுப்ப அணைக்காம தூங்கிட்டன்னு எழுதிக்க பா. போன தபா எழுதுனத பாத்து எழுதிக்க. உனுக்குக் கையாச்சும் நோவாம இருக்கட்டும்.”

அவர் நோட்டை மூடிக்கொண்டு போனார்.

கண்ணையன் அதற்குப் பிறகு கூரை வேயவில்லை. பழைய பட்டாளத்துக்காரர்களுக்குச் சைகோனில் வேலை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தான். எடுத்துக்கொண்டார்கள். கப்பலேறும் முன் மணிக்கட்டைக் காட்ட என்னிடம் வந்தான். எலும்பு சற்றுக் கோணலாகத்தான் கூடியிருந்தது. கையை மடக்கச் சொன்னேன், நீட்டச் சொன்னேன்.

“இன்னா வேல?” என்று கேட்டேன்.

“ஜெயில் காவல். இடுப்புக்கு ஒரு துப்பாக்கி அவுங்களே குடுக்கறாங்க.”

“உன் வூட்டக் காக்க வெச்சிருந்தத புடுங்கினாங்க, அவுங்க ஜெயில காக்கக் குடுக்கறாங்களா?”

“ஆமாங்க.”

“உள்ள யார அடைச்சி வெச்சிருக்காங்க?”

“அந்த ஊரு கண்ணையனத்தான், வேற யார?” என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இறக்கிக்கொண்டான்.

ருக்குமணியும் கூடவே போனாள். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. அவர்கள் மனையைப் பண்ணை வேலி போட்டு வளைத்துக் கரும்பு நட்டது. சாமிநாதன் அந்த வழியாகத்தான் தினமும் ரோந்து போவார். இது யார் வேலி என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.