இறால் குழம்பில் போட்ட வெள்ளி ரெண்டணா

அன்று எங்கள் எடப்பாடி வீட்டில் இருந்தவர்கள்: நான், ஐந்து மாதம் முழுகாமல் இருந்த என் மனைவி, ரயில் என்ஜினில் கரி அள்ளிப் போடும் அவள் அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா. பூனையும் இருந்தது. மச்சான் கொண்டுவந்த இறால் கூடையை முகர்ந்து பார்த்துவிட்டு அது எழுந்து போய்விட்டது. எனக்கு அப்போதே பயம் பிடித்துவிட்டது.

யுத்த காலம். கோழிக்கோட்டில் வாங்கிய இறால் சங்ககிரி வரை ரயிலில் வந்து, அங்கே பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் ஏறி, பஸ் நடுவழியில் மூச்சை விட்டதால் உச்சிவெயிலில் காய்ந்து, ஒருவழியாக வீடு சேர்ந்திருந்தது. கெட்ட மீன் தின்றால் வாந்திபேதி வரும் என்று அந்த வாரம்தான் சந்தையில் தமுக்கடித்திருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்குத் தமுக்குதான் பாடப்புத்தகம்.

"ஏனுங்க, வாய்க்கு வேற எதுவுமே புடிக்கலீங்க. எங்கண்ணன் எனக்குன்னு கொண்டாந்தது" என்றாள் மனைவி. வேண்டாமென்றால் அழுவாள். சரியென்றால் இரண்டு உயிர்.

பக்கத்து வீட்டு அக்கா வழி சொன்னாள். கொதிக்கிற குழம்பில் வெள்ளியைப் போட வேண்டும்; இறால் கெட்டிருந்தால் வெள்ளி கறுத்துவிடுமாம். ராணி தலை போட்ட தன் பழைய ரெண்டணாவை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். சட்டியில் போட்டேன். வெந்ததும் அதை எடுக்கக் கரண்டி தேடிப் போனேன். திரும்புவதற்குள் மச்சான் பாதிக் குழம்பைத் தட்டில் கவிழ்த்துத் தின்று முடித்திருந்தார். மீதியைத் துழாவினேன். காசு இல்லை.

"மச்சான், கெட்டியா ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா?"

"ஒரு எறாத் தலை கெட்டியா இருந்துச்சு மாப்பிள்ளை. முழுங்கிட்டேன்."

"கறுப்பாவா, வெளுப்பாவா?"

"உள்ள போயிப் பாத்துட்டு வாங்க."

பொழுது இறங்கும் வரை, எப்போது வாந்தி எடுப்பார் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். "இந்த ஏப்பம் போதுமுங்க" என்று மனைவி சட்டியை இழுத்து வழித்துத் தின்றாள்.

இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் அதிர்ஷ்டமோ, இறாலின் நல்ல குணமோ. ஒன்றைக்கூடத் தொடாத நான்தான் செம்பும் கையுமாகக் காட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

காலையில் மச்சான் புறப்பட்டபோது அக்கா வழிமறித்தாள். "ஏஞ்சாமி, என்ற ரெண்டணா?"

"எறங்குனதும் தாரேனுங்க" என்று பஸ் ஏறிவிட்டார்.

நான் நிக்கல் காசை நீட்டினேன். "என்ற ராணிக் காசுதான் வேணும்" என்றாள். மறுமுறை வந்த மச்சானைக் கேட்டால், கோழிக்கோட்டில் இறங்கியதை யார் தேடிப் பார்த்தார்கள் என்கிறார். மகள் பிறந்து காதும் குத்தியாகிவிட்டது. அக்காவுக்கு எங்கள் வீட்டுப் பாக்கி இன்னும் வெள்ளியில் ரெண்டணா.