என் நெஞ்சில் அவன் கேட்ட சத்தம்

என் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக் கிடப்பதை முதலில் அறிந்தவன் என் நண்பன். சொல்லாமல் இருந்தவனும் அவன்தான்.

மருத்துவப் படிப்பில் வார்டுக்குப் போகத் தொடங்கிய வருடம். விடுமுறை முடிந்ததும் பரீட்சை. ஒரு நோயாளியைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நிற்போம். பின்வரிசையில் நின்ற என் காதுக்கு எந்த இதயமும் எட்டவில்லை. அதனால் மாத்தளைக் கடைத்தெருவில், அவன் வீட்டாரின் மிளகுக் கடை மேல்மாடியில், இருவரும் ஒரே ஸ்டெதஸ்கோப்பில் பழகினோம். தும்மித் தும்மி மனப்பாடம் செய்தோம்: மிட்ரல் வால்வு சுருங்கினால் முதல் ஒலி உரக்கும், இரண்டாம் ஒலிக்குப் பின் ஒரு சொடுக்கு, பிறகு, தூரத்தில் லொறி மேடேறுவது போல ஒரு தாழ்ந்த உறுமல். இடது பக்கம் சரித்துப் படுக்கவைத்துக் கேட்க வேண்டும்.

சொற்கள் வந்தன. சத்தம் வரவில்லை.

“முதல்ல நோர்மல் ஹார்ட்டைக் காதுல ஏத்திக்கணும் மச்சான். சட்டையைக் கழட்டு.”

“ஏன், உன்னோடதைக் கேட்டா என்ன?”

“என் நெஞ்சுல கரடி மாதிரி முடி. சரசரன்னுதான் கேக்கும்.”

சிரித்துக்கொண்டே வாங்குப் பலகையில் படுத்தேன். கண்ணை மூடி வெகுநேரம் கேட்டான். இடது பக்கம் திரும்பச் சொன்னான், திரும்பினேன். பிறகு குழாயை என் காதில் மாட்டிவிட்டு, “இதுதான் நோர்மல். நல்லாக் கேட்டுக்க” என்றான். விடுமுறை முழுக்க, தினமும், அவன் கேட்டான், நான் கேட்டேன், என் இதயமே எனக்கு அளவுகோலானது.

பரீட்சையில் இருவருக்கும் ஒரே நோயாளி. மூச்சிரைத்த ஒரு பெண். குழாயை வைத்ததும் பழகிய சத்தம், வீட்டுக்கு வந்துசேர்ந்தது போல. “நோர்மல், சேர்.” பரீட்சகர் மறுபடி கேட்கச் சொன்னார். மறுபடியும் நோர்மல் என்றேன். தோற்றேன். அவன் ஒரே நிமிடத்தில் நோயின் பெயரைச் சொன்னானாம்.

திரும்பும் ரயிலில் கேட்டேன். “எப்படிடா பிடிச்சே?”

ஜன்னலைப் பார்த்தான். “உன்னோட சத்தந்தான் மச்சான் அது. அச்சு அசல்.”

“எப்பத்திலிருந்து தெரியும்?”

“முதல் நாளே.”

“அப்புறம் ஏன் நோர்மல்னு சொன்னே?”

“உள்ளதைச் சொல்லியிருந்தா தினம் கேக்க விட்டிருப்பியா?”

சொல்லிவிட்டு ஸ்டெதஸ்கோப்பை வெளியே எடுத்தான். “பயப்படாதே. சத்தம் கூடியிருக்கான்னு ஒருக்காப் பார்க்கிறேன்.”

பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் ஏறினேன். மூச்சு இரைத்தது. ஓடியதாலா, வால்வாலா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவன் முன்பெட்டியில் இருந்தான்.