அக்காவின் மீன்தொட்டித் தண்ணீர்

ஓராண்டு நிறைவுக்கு வந்து, பந்தியில் இலை போடும் வரை இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலர் என்றால் இறந்தவரைக் கோபமே அறியாதவர் என்று எழுதுவது வழக்கம். எங்கள் அக்காவைப் பற்றி அப்படி எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அக்காவுக்குக் கோபம் வரும். பிடிவாதம் அதைவிட அதிகம். அவர் கையில் வளர்ந்த தங்கை நான். உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

அக்கா கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில், எங்கள் கரும்புக் கொல்லையை ஒட்டிய வீட்டில் பிறந்தார். எங்கள் அப்பா, நைனா, இறந்தபோது அக்கா பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்ந்திருக்கவில்லை. அக்கா மேலே படிக்காமல் திருப்பதியில் துணிக்கடை வேலைக்குப் போனார். பிறகு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, தடாவில் அறை எடுத்துத் தங்கி, ஷிப்ட் மாறி மாறி உழைத்தார். அம்மாவையும் என்னையும் சித்தூருக்குக் கூட்டிவந்து குடிவைத்ததும், என்னை டிகிரி வரை படிக்கவைத்ததும், பக்கத்துத் தெருவிலேயே கல்யாணம் செய்துகொடுத்ததும் அவர்தான். அந்த வேலையை விட்டுச் சித்தூருக்கே வந்த பிறகு, தனக்கென்று ஆசைப்பட்டு அவர் வாங்கியது ஒரு மீன்தொட்டி.

சித்தூரில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வந்து தங்கியவர்களுக்குத் தெரியும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தில் சுண்ணாம்பு அடித்தாற்போல் உப்பு படியும். அந்தத் தண்ணீரில்தான், திருப்பதிக் கடையில் வாங்கிய நியான் மீன்களை அக்கா விட்டார். அரை விரல் நீளம், உடம்பில் நீலக்கோடு, வால் பக்கம் சிவப்பு. மறுநாள் காலையில் எல்லாம் செத்து மிதந்தன. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். “மீ ஊரு நீள்ளலோ இவி பதகவம்மா” என்று அவர் கையை விரித்துவிட்டார். எங்கள் ஊர்த் தண்ணீரில் இவை பிழைக்காதாம். கப்பி மீன் வாங்கிப் போங்கள், அது உப்புத் தண்ணீரைத் தாங்கும் என்றும் சொல்லியிருக்கிறார். நல்ல யோசனைதான். அக்கா கேட்பாரா?

“நாம மூணு பேரும் இந்தத் தண்ணியத்தான குடிச்சிக்கினு இருக்கோம்? மீனுக்கு மட்டும் இன்னா வந்துச்சாம்?” என்றார் வீட்டுக்கு வந்து.

மறுபடி அதே மீனை வாங்கி வெறும் கேன் தண்ணீரில் விட்டுப் பார்த்தார், அதிலும் பிழைக்கவில்லை. கடைசியில் மொட்டை மாடியில் பிடித்த மழைத்தண்ணீரில் விட்டார். தினமும் காலையில் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வெளியே கொட்டுவார். மருந்து வாடை போக வாளியில் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரை ஒரு சொம்பு உள்ளே ஊற்றுவார். மழைத்தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய, குழாய்த் தண்ணீர் ஏறியது. மீன்கள் பழகிவிட்டன. அக்கா அந்தக் கடைக்காரரையே வீட்டுக்கு அழைத்துவந்து காட்டினார். காபியும் கொடுத்தார்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. குடிபாலா வழியாக வேலூர் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்வந்த பயணங்களைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. பழைய மீன்கள் வயதாகி ஒவ்வொன்றாகப் போய்விட்டிருக்க, சிகிச்சைக்கு நடுவிலேயே புதிதாக ஒரு கூட்டம் மீன் வாங்கி, மறுபடி மழைத்தண்ணீரில் தொடங்கினார். இப்போது எதற்கு என்று கேட்டேன். “அதுங்க நம்ம தண்ணிக்குப் பழகட்டும். பாத்துட்டுத்தான் போவேன்” என்றார். எழுந்து நிற்க முடியாமல் போனதும், சொம்பை நான் பிடித்தேன். அவர் கட்டிலில் இருந்தபடி, மெதுவா, மெதுவா என்று அதட்டினார். தொட்டியில் பாதித் தண்ணீர்கூட மாறாத நிலையில் அக்கா போய்விட்டார்.

அக்காவை எடுத்துப் போனதும் பெண்கள் வீட்டுத் தண்ணீரையெல்லாம் கொட்டத் தொடங்கினார்கள். அது நம் வழக்கம். குடம், அண்டா, டிரம் எல்லாம் கவிழ்ந்தன. புத்தூரிலிருந்து வந்திருந்த நைனாவின் தங்கை, எங்கள் அத்தை, மீன்தொட்டியைக் கைகாட்டினார். சாவு வீட்டில் பழைய தண்ணீர் நிற்கக் கூடாது, மீனை வாளியில் விட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வேறு தண்ணீர் பிடியுங்கள் என்றார். அன்றைக்கு வீட்டில் வேறு தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் மட்டும்தான். ஒரே அடியாக அதில் விட்டால் ஒன்றும் மிஞ்சாது. நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

“கொட்டத்தான போறோம் அத்தை? அக்கா கொட்டுன மாதிரி கொட்டலாம். தினமும் ஒரு சொம்பு.”

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். அம்மா எழுந்துபோய் அக்காவின் சொம்பைக் கொண்டுவந்து அத்தையிடம் நீட்டினார்.

“சரி. நானே ஊத்துறேன். உன்ன நம்ப முடியாது” என்றார் அத்தை.

காரியம் முடியும் வரை தினமும் அவரேதான் மொண்டு கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். ஒரு மீன் செத்தது. என்னிடம் சொல்லாமல் அதே செடியடியில் புதைத்துவிட்டார். மற்றவை பிழைத்துக்கொண்டன. அவர் ஊருக்குப் போன பிறகு சொம்பு என் கைக்கு வந்தது. ஒரு நாளும் விடவில்லை. மாதங்கள் போக, தொட்டியில் எங்கள் ஊர்த் தண்ணீர் நிரம்பியது. அக்கா பார்க்க நினைத்ததை நான் பார்த்துவிட்டேன். அத்தை போன் செய்தால் என்னை விசாரிப்பதற்கு முன்னால், “மீனுங்க துன்னுதா?” என்றுதான் கேட்பார்.

வேலூருக்கு நேரம் காலம் பாராமல் ஆட்டோ ஓட்டிய பக்கத்துவீட்டுத் தம்பிக்கும், தடாவிலிருந்து வந்து ரத்தம் கொடுத்த அக்காவின் தோழிகளுக்கும், அம்மாவைத் தனியே விடாத தெருக்காரர்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அத்தைக்குத் தனியாக நன்றி சொன்னால் திட்டுவார்.

இந்த நிறைவுக்காக அத்தை முன்கூட்டியே வந்துவிட்டார். பையை வைத்ததும் நேரே தொட்டியிடம் போய்ச் சொம்பை எடுத்தார். மொள்ளப் போனவர் நின்று, என்னைக் கேட்டார்.

“அவ ஊத்துன தண்ணி கொஞ்சமாச்சும் இன்னும் இதுல இருக்குமா?”

“மொத்தமா எப்பவும் கொட்டலியே அத்தை. இருக்கும்.”

அத்தை சொம்பைக் கீழே வைத்துவிட்டார். “இன்னிக்கு வேணாம். நாளைக்கு ஊத்திக்கலாம்” என்றார்.